ஆராய்ச்சி மணி அடித்த அம்மையார்

சோழவள நாட்டுக் குழந்தைகள் தாய்மடியிற் கேட்கும் முதற்கதைகளுள் ஒன்று மனுநீதிச் சோழன் கதை. திருவாரூர்த் தேரோடும் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் ஒரு கன்று சிக்கி மாண்டது. தாய்ப்பசு அரண்மனை வாயிலுக்குச் சென்று ஆராய்ச்சி மணியைக் கொம்பால் அசைத்தது. அரசன் தன் மைந்தனையே தேர்க்காலில் இட்டு நீதி வழங்கினான். இந்நிகழ்ச்சியைச் சேக்கிழார் பாடுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இளங்கோவடிகள் கண்ணகியின் வாயிலாகச் சொல்லிவைத்தார் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

இக்கதையை வகுப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் சொல்லியிருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் ஒரு மாணவன் எழுந்து, இப்போது மாடு மணியடித்தால் யார் ஐயா வருவார்கள் என்று கேட்பான். வகுப்பே சிரிக்கும். அக்கேள்விக்குரிய விடையாக வாழ்ந்த ஒருவரைப் பற்றி இம்மலரில் எழுத வாய்ப்பளித்த அறக்கட்டளையினருக்கு என் நன்றி. அவர் மன்னர் அல்லர், துறவியும் அல்லர், நம் சமயத்திற் பிறந்தவரும் அல்லர். நாட்டியக் கலைஞராக உலகம் அறிந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரே அவர்.

பிறப்பும் வளர்ப்பும்

அம்மையார் 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் மதுரையிற் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி, பொதுப்பணித் துறையிற் பொறியாளர். வடமொழிப் புலமை மிக்கவர். அன்னையார் சேஷம்மாள் திருவையாற்றைச் சேர்ந்தவர். தியாகராசர் வாழ்ந்த அவ்வூரின் இசை மணத்தைத் தம்முடன் கொண்டுவந்தவர். காவிரிக் கரையின் குருதி அம்மையாரிடத்தும் ஓடியது என்று நாம் உரிமை கொண்டாடலாம்.

தந்தையார் பிரம்மஞான சபையின்பால் ஈடுபாடு கொண்டவர். பணி ஓய்வுக்குப் பின் சென்னை அடையாற்றில் அச்சபையின் அருகிலேயே குடும்பத்துடன் குடியேறினார். இதுவே அம்மையாரின் வாழ்வைத் திசை திருப்பியது. அன்னி பெசன்ட் அம்மையாரின் அரவணைப்பில் வளரும் பேறு அவருக்குக் கிட்டியது. புலால் மறுத்தலும் எல்லா உயிர்களும் ஒன்றென்னும் எண்ணமும் அச்சூழலில் இயல்பாக இருந்தன. 1920ஆம் ஆண்டு, ஆங்கிலேயரும் கல்வியாளருமான ஜார்ஜ் அருண்டேலை அவர் மணந்தார். அக்காலத்தில் இம்மணம் பெரும் எதிர்ப்பைக் கிளப்பிற்று. பதினாறு வயதிலேயே ஊராரின் ஏச்சைத் தாங்கிப் பழகியவருக்குப் பிற்காலத்தில் அவையோரின் ஏளனம் பொருட்டாகத் தோன்றாததில் வியப்பில்லை.

கலையும் கருணையும்

1920களின் இறுதியில் ஆஸ்திரேலியா நோக்கிய கடற்பயணத்தில், புகழ்பெற்ற உருசிய நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பு அவருக்குக் கிடைத்தது. அந்நட்பே பின்னர்த் தம் நாட்டுக் கலையின் பக்கம் அவரைத் திருப்பியது. அக்காலத்தில் சதிர் என வழங்கிய ஆடலை நற்குடிப் பெண்கள் கற்பது இழிவெனக் கருதப்பட்டது. அவர் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், தஞ்சைத் தரணி தந்த பெருநட்டுவனார் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் அதனைப் பயின்றார். 1935ஆம் ஆண்டு அடையாற்றில் மேடையேறினார். அடுத்த ஆண்டே கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். குற்றாலக் குறவஞ்சி தொடங்கி இராமாயண வரிசை வரை அவர் அமைத்த நாட்டிய நாடகங்கள் பல. இவையெல்லாம் பலரும் எழுதியுள்ள செய்திகளாதலின் விரிக்காது செல்கிறேன்.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கும்பகோணத்துச் சமண அன்பர்களின் இல்லங்களுக்குச் சென்று, அவர்தம் துணையோடு சீவகசிந்தாமணியை ஆராய்ந்து 1887ஆம் ஆண்டு பதிப்பித்தவர் உ.வே.சாமிநாதையர். அவர் 1942ஆம் ஆண்டு மறைந்தார். அவர் அரிதிற் சேர்த்த சுவடிகள் சிதறிவிடாமல், மறு ஆண்டே அவர் பெயரால் நூல்நிலையம் கண்டவர் ருக்மிணி தேவி அம்மையார். நம் முன்னோர் பயின்ற ஏடுகளுக்கும் அவர் காவலராக விளங்கினார் என்பதை நாம் நன்றியுடன் நினைத்தல் வேண்டும்.

1945ஆம் ஆண்டு கணவரை இழந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. மாணாக்கரையும் விலங்குகளையுமே சுற்றமாகக் கொண்டு எஞ்சிய வாழ்நாளை அவர் கழித்தார்.

மன்றில் எழுந்த குரல்

1952ஆம் ஆண்டு மாநிலங்களவை முதன்முதலாக அமைந்தபோது, குடியரசுத் தலைவர் நியமித்த பன்னிருவருள் ஒரே பெண்மணி அம்மையார். கலைத்துறையின் சார்பில் வந்தவர் கலையைப் பற்றியே பேசுவார் என்று அனைவரும் எண்ணியிருத்தல் கூடும். அவரோ, விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமைகளைத் தடுக்கும் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார்.

அப்போது சட்டமே இல்லையோ எனில், இருந்தது. ஆங்கில அரசு 1890ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் அது. ஆயின் அதன் வீச்சு நகராட்சி எல்லைகளுக்குள் அடங்கிக் கிடந்தது. சிற்றூர்களிலும் வயல்வெளிகளிலும் நடக்கும் கொடுமைகளுக்கு அது பெரும்பாலும் எட்டாச் சட்டம். நாட்டின் மாடுகளுள் மிகப் பெரும்பகுதி சிற்றூர்களில் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் அச்சட்டத்தின் குறை விளங்கும். புதிதாய் விடுதலை பெற்ற நாட்டில் மனிதருக்கே உணவில்லாத காலம். மாட்டுக்கும் குரங்குக்கும் சட்டம் எதற்கு என்ற எண்ணம் பரவியிருந்தது. அத்தகைய சூழலில் அவர் தம் மசோதாவை முன்வைத்தார்.

1954ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மசோதா விவாதத்துக்கு வந்தது. பிரதமர் நேரு அதன் நோக்கத்தை ஏற்றார். ஆயினும், அரசே குழு அமைத்து ஆராய்ந்து விரிவான சட்டம் கொண்டுவரும் என்று உறுதியளித்து, மசோதாவைத் திரும்பப் பெறுமாறு வேண்டினார். அம்மையாரின் வாழ்வில் இது கடினமான நேரம். விடாப்பிடியாக வாக்கெடுப்புக் கேட்டிருந்தால் தோல்வி திண்ணம். மசோதா அன்றே மாண்டிருக்கும். திரும்பப் பெற்றாலோ, அரசின் வாக்குறுதி வெறும் சொல்லாகவே நின்றுவிடும் அச்சம். அவர் நம்பிக்கையைத் தேர்ந்தார். மசோதாவைத் திரும்பப் பெற்றார்.

ஆறாண்டுகளும் ஒன்பது திங்களும் கழிந்தன. இடையில் 1956ஆம் ஆண்டு மீண்டும் நியமனம் பெற்றார். அதே ஆண்டு பத்மபூஷண் விருதும் அவருக்கு வழங்கப்பெற்றது. 1960ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. ஒரு தனி உறுப்பினர் ஊன்றிய விதை அரசின் சட்டமாக விளைந்தது.

சட்டமும் நம் அணுவிரதமும்

அச்சட்டத்தின் 11ஆம் பிரிவைப் படித்தபோது நான் வியந்து அமர்ந்துவிட்டேன். விலங்கை அடித்தல், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுதல், குறுகிய கயிற்றிலோ கனத்த சங்கிலியிலோ நெடுநேரம் கட்டிவைத்தல், உறுப்புகளைச் சிதைத்தல், போதிய உணவும் நீரும் உறைவிடமும் தராதிருத்தல் ஆகியன அதிற் குற்றங்களாகக் கூறப்படுகின்றன.

இவற்றை நாம் முன்பே எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் அகிம்சை அணுவிரதத்துக்குரிய ஐந்து அதிசாரங்களை உமாஸ்வாமி முனிவர் வகுத்திருக்கிறார். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. 1500 ஆண்டுகளுக்கு மேலாக இல்லறத்தாருக்கு நம் ஆசாரியர்கள் ஓதிவந்த ஐந்தும், 20ஆம் நூற்றாண்டின் சட்டத்தில் ஏறத்தாழ அவ்வாறே இடம்பெற்றுள்ளன. பிற உயிரின் துன்பத்தை உற்றுநோக்குவோர் எக்காலத்தும் எவ்விடத்தும் ஒரே பட்டியலைத்தான் எழுத நேரும் போலும்.

கறவை மாடுகளைக் காக்க 12ஆம் பிரிவு தனியே அமைந்தது. கன்றை இழந்த பசு பாலை அடக்கிக்கொள்ளும். அதனைச் சுரக்கச் செய்யப் பசுவின் கருவாய் வழியே குழாயிட்டுக் காற்றை ஊதும் கொடிய வழக்கம் வடநாட்டு நகரங்களில் இருந்தது. பூக்கா என்பது அதன் பெயர். காந்தியடிகள் பால் அருந்துவதை விட்டதற்கு இக்கொடுமையை அறிந்ததும் ஒரு காரணம் என்பதும், பின்னர் நோயுற்றபோது ஆட்டுப்பாலை மட்டும் ஏற்றார் என்பதும் பலரும் அறிந்தவை. இவ்வழக்கத்தைப் புரிவோருக்கு 1000 ரூபாய் வரை தண்டமோ, ஈராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று சட்டம் கூறிற்று. 1982ஆம் ஆண்டுத் திருத்தம், பாலைப் பெருக்க உடலுக்குத் தீங்கான ஊசி போடுவதையும் இப்பிரிவின்கீழ்க் கொண்டுவந்தது. இன்று ஆக்சிடோசின் ஊசி போடுவோரைத் தண்டிக்க இடமளிப்பதும் இப்பிரிவே.

குறைகளையும் மறைக்கலாகாது. உணவுக்காகக் கொல்லுவதை இச்சட்டம் தடுக்கவில்லை. சமயச் சடங்குக்காகக் கொல்லுவதையும் தடுக்கவில்லை. விதித்த முறைப்படி கொம்பு நீக்குதலும் சூடிடுதலும் மூக்கணாங்கயிறு கோத்தலும் குற்றமாகா என விலக்களித்தது. வாழ்நாள் முழுதும் புலால் மறுத்த அம்மையாருக்கு இவை நிறைவளித்திருக்க இயலாது. கொல்லாமையை நாட்டுக்கு விதிக்க அவரால் முடியவில்லை. துன்புறுத்தாமையை விதிக்க முடிந்தது. நம் வழக்கிற் சொன்னால், மகாவிரதம் கைகூடாத இடத்தில் அணுவிரதத்தை நிலைநாட்டினார். முழுமை கிட்டவில்லை என்று கைவிட்டிருந்தால் அணுவளவும் கிட்டியிராது.

வாரியத்தின் தலைவர்

சட்டப்படி 1962ஆம் ஆண்டு இந்திய விலங்குகள் நல வாரியம் தோன்றியது. அதன் முதல் தலைவர் அம்மையாரே. அதன் தலைமையகமும் சென்னையிலேயே அமைந்தது. இறுதிநாள் வரை, ஏறத்தாழ 24 ஆண்டுகள் அப்பொறுப்பை அவர் வகித்தார். மருந்தாய்வுக்கெனக் குரங்குகளை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதை நெடுங்காலம் எதிர்த்தார். மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்த 1978ஆம் ஆண்டு அவ்வேற்றுமதி நின்றது.

அதே மொரார்ஜி தேசாய், 1977ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் பதவிக்கு அம்மையாரின் பெயரை முன்மொழிய விரும்பினார். இசைந்திருந்தால், இந்நாட்டின் முதற் பெண் குடியரசுத் தலைவராகும் வாய்ப்பு 30 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்ப் பெண்மணிக்குக் கிட்டியிருக்கும். அவர் மறுத்துவிட்டார். திருவான்மியூர் ஆலமரத்து நிழலும் மாணாக்கரும் வாயில்லா உயிர்களும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. பொருளின்மீது பற்று விடுவோர் பலர். பதவியின்மீது பற்று விடுவோர் சிலரே. 1986ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், 82 அகவை நிறைய ஐந்து நாள் இருக்கையில், அம்மையார் மறைந்தார்.

எங்கள் ஊரும் நம் பாற்குடமும்

மன்னார்குடியிற் பிறந்த நான் பணியின் பொருட்டு அதிராம்பட்டினத்துக்கு வந்து, ஓய்வுக்குப் பின்னும் அங்கேயே தங்கிவிட்டேன். ஒருபுறம் கடல், ஒருபுறம் உப்பளம், வடக்கே நெல்வயல். கோடையில் கிணற்று நீர் உவர்த்துப் போகும். மனிதருக்கே நன்னீர் அரிது. கட்டுத்தறியில் நிற்கும் மாட்டுக்கு எவ்வளவு கிட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பணியேற்ற புதிதில் என் வீட்டு வாயிலுக்குப் பசுவை ஓட்டிவந்து பால் கறந்து தருவார் ஒரு பெரியவர். அவர் தோளில் வைக்கோல் திணித்த தோற்கன்று தொங்கும். அதைப் பசுவின் முன் நிறுத்துவார். பசு அதனை நக்கும், பால் சுரக்கும். அந்தப் பாலை நான் இரண்டாண்டுகள் வாங்கினேன். திருவாரூர்ப் பசுவின் கதையை வகுப்பிற் சொல்லிவிட்டு வந்து, மாலையில் அப்பாலையே அருந்தினேன். இறந்த கன்றின் தோலை அத்தாய் நக்குகிறது என்பது ஒரு நாளும் என் நெஞ்சைத் தொடவில்லை. அம்மையாரின் வரலாற்றைப் படித்த பிறகே அக்காட்சி என் உறக்கத்தில் வரலாயிற்று. அந்தப் பெரியவரைக் குறை கூற நான் யார்? கறந்தவர் அவர், குடித்தவன் நான்.

தஞ்சைத் தரணிக்கே உரிய உம்பளச்சேரி மாட்டினத்தை நம் மூத்தோர் அறிவர். சேற்றில் அயராது உழும் அக்காளைகளின் கொம்பைத் தீய்த்துக் காதை நறுக்கி, மொட்டை மாடு என்று பெயரும் வைத்தோம். உறுப்பறுத்தல் என்னும் அதிசாரம் நமது வயல் வரப்பிலேயே நின்றது. உழவு இயந்திரம் வந்தபின் காளைகளுக்கு வேலையில்லை. மிகுதியாகப் பால் தரும் கலப்பினப் பசுக்கள் வந்தன. அவை ஈனும் காளைக்கன்றுகளுக்கோ உழவிலும் இடமில்லை, தொழுவத்திலும் இடமில்லை. சில நாளிலேயே அவை விற்கப்படும். அல்லது பாலின்றி மெலிந்து சாகும்.

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியலில் கஜா புயல் எங்கள் பகுதியைச் சிதைத்தது. மறுநாள் தெருவழியே நடந்தேன். கூரை சரிந்த கொட்டில் ஒன்றில் மூன்று பசுக்கள் கழுத்துக் கயிற்றோடு மாண்டு கிடந்தன. அடுத்த வீட்டு அம்மாள், காற்று ஏறும்போதே தம் மாடுகளை அவிழ்த்துவிட்டிருந்தார். அவை எங்கோ சுற்றி, மாலையில் தாமே வீடு திரும்பின. இரண்டு கொட்டில்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒரு முடிச்சு மட்டுமே. ஐந்து அதிசாரங்களுள் கட்டுதலை முதலாவதாக வைத்த ஆசாரியரின் அறிவை அன்று உணர்ந்தேன்.

சட்டம் வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 11ஆம் பிரிவுக் குற்றத்தை முதன்முறை செய்தவருக்கு அன்று விதித்த தண்டம் 50 ரூபாய் வரை. அத்தொகையே நெடுங்காலமாக ஏட்டில் நிற்கிறது. இத்துணைச் சிறிய தண்டம் யாரை அச்சுறுத்தும்? ஆகவே எஞ்சியிருப்பது நம் மனச்சான்று ஒன்றே.

நாம் ஊன் உண்ணாதவர்கள், இரவுணவு தவிர்ப்பவர்கள், நீரையும் வடிகட்டிப் பருகுபவர்கள். ஆனால் பாலை மட்டும் எங்கிருந்து வந்ததென்று கேளாமல் வாங்குகிறோம். பகவானின் திருமஞ்சனத்துக்குக் குடம் குடமாகப் பால் கொணர்கிறோம். அப்பசுவின் கயிறு எத்தனை முழம், அதன் கன்று உயிரோடு உள்ளதா, நண்பகலில் அதற்கு நீர் வைத்தார்களா என்று வினவுவதில்லை. வடிகட்டிய நீரில் இல்லாத இம்சை, வடிகட்டாத பாலில் இருக்கலாம்.

பெரிய செயல்களை நான் வேண்டவில்லை. நமக்குப் பால் தருவோரின் தொழுவத்தை ஒருமுறை சென்று பார்ப்போம். கன்றுக்கு ஒரு காம்பின் பாலை விடுபவருக்கு லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுப்போம். ஊசி போட்டுக் கறக்கும் பாலை மறுப்போம். கோடையில் நம் வீட்டு வாயிலில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைப்போம். விழா நாளில் ஒரு குடம் பாலைக் குறைத்து, அத்தொகையைப் பால் வற்றிய பசுக்களைப் பேணும் கோசாலைக்கு அளிப்போம். அருகன் திருமுன் அதுவும் திருமஞ்சனமே.

ருக்மிணி தேவி அம்மையார் கொம்பில்லாத கையால் ஆராய்ச்சி மணியை அடித்தார். ஓசை நாடாளுமன்றம் வரை கேட்டது. அந்த மணி நம் வீட்டுப் பாற்சொம்பிலும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. காது கொடுப்போம்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! அறம் வளர்க! அகிம்சை வெல்க!